முதல் சுற்றில் ஏறும், மூன்றாவதில் நிற்கும்: முப்பரிமாண அச்சுக்கு மரை வரைவது எப்படி?

செடிகளுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸைத் தண்ணீர்க் குழாயுடன் இணைக்கும் பிளாஸ்டிக் மூட்டு, வெயிலில் காய்ந்து காய்ந்து ஒரு நாள் வெடித்துவிடும். கடையில் அந்த ஒரு துண்டை மட்டும் தனியாகத் தரமாட்டார்கள். முப்பரிமாண அச்சுக்கருவியை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் இப்போது நம்மிடையே இருப்பதால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். இணையத்தில் ‘முக்கால் இன்ச் ஹோஸ் இணைப்பு’ என்ற பெயரில் ஒரு கோப்பு கிடைக்கும். ஓரிரு மணி நேரத்தில் அச்சாகிவிடும். கொண்டுபோய்த் திருகினால் முதல் சுற்று சுலபமாக ஏறும். இரண்டாவது சுற்றில் இறுகும். மூன்றாவதில் நின்றுவிடும். குழாயைத் திறந்தால் தண்ணீர் நாலா பக்கமும் பீச்சும்.

அச்சுக்கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. இணையத்தில் கிடைக்கும் இத்தகைய கோப்புகளில் பல, அமெரிக்கத் தோட்டக் குழாயை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. அந்த மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 26.99 மில்லிமீட்டர், ஓர் அங்குல நீளத்தில் பதினொன்றரைப் புரிகள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டுச் சுவரில் இருக்கும் முக்கால் அங்குலக் குழாயோ பிரிட்டிஷ் தரத்தைச் சேர்ந்தது. அதன் வெளிவிட்டம் 26.441 மி.மீ., அங்குலத்திற்கு 14 புரிகள்.

விட்டத்தில் உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர்தான். அதனால்தான் முதல் சுற்று ஏறிவிடுகிறது. ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு அமெரிக்க மரை 2.21 மி.மீ. முன்னேறும்; நம்முடையது 1.81 மி.மீ. மட்டுமே முன்னேறும். சுற்றுக்கு 0.4 மி.மீ. வீதம் இரண்டு சுற்றில் 0.8 மி.மீ. விலகிவிடுகிறது. அதாவது, ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் உட்காராமல் மேட்டின் மீதே ஏறி நிற்கிறது. எவ்வளவு பலமாகத் திருகினாலும் சரிவராது.

பொருத்தமான கோப்பு கிடைக்காதபோது நாமே வரைந்துகொள்ள முடியுமா? முடியும். கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்களில் சுருள் வரைவது சில நிமிட வேலைதான். ஆனால் சுருள் வேறு, மரை வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் தொடங்குபவர்கள்தான் பிளாஸ்டிக்கை வீணாக்குகிறார்கள்.

முறுக்கும் படிக்கட்டும்

தமிழில் ‘சுருள்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வடிவங்களுக்குப் பயன்படுத்துகிறோம். கொசுவத்தியும் கை முறுக்கும் சுருள்தான். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் சுருள்தான். கணிதம் இவற்றைத் தனித்தனியே பிரிக்கிறது. கொசுவத்தி தட்டையாக இருந்தபடியே வெளிநோக்கி விரிகிறது. ஸ்பிரிங் விரிவதில்லை, ஒரே விட்டத்தில் சுற்றியபடி மேலே ஏறுகிறது. பூகிஸ் வட்டாரக் கடைவீடுகளின் பின்சந்துகளில் புகைப்படக்காரர்கள் விரும்பிப் படமெடுக்கும் வட்டப் படிக்கட்டுகள் இந்த இரண்டாவது வகை. இக்கட்டுரையில் அதை ‘ஏறுசுருள்’ என்று அழைப்போம்.

ஏறுசுருளைப் புரிந்துகொள்ள மென்பொருள் தேவையில்லை. ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, அதன் உயரமான ஓரத்தைப் பென்சிலோடு ஒட்டிப் பிடித்துச் சுற்றுங்கள். முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் பென்சிலின் மீது ஏறுசுருளாகப் படியும். திருகாணி என்பது உண்மையில் உருளையின் மீது சுற்றிய சாய்தளம்தான். அந்தச் சாய்வு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. முக்கால் அங்குலக் குழாயில் ஒரு சுற்றின் சுற்றளவு ஏறக்குறைய 79 மி.மீ.; அந்தத் தூரத்தில் ஏறுவது 1.81 மி.மீ. கணக்குப் போட்டால் சாய்வு 1.3 பாகைக்குச் சற்று அதிகம், அவ்வளவே. இறுக்கிய மூட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்கு இந்தச் சிறிய சாய்வும் உராய்வும்தான் காரணம்.

ஒரு சுற்றில் ஏறும் இந்தத் தூரத்தைத் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் ‘புரியிடைத் தூரம்’ என்கின்றன. பட்டறையில் எல்லாரும் சொல்வது ‘பிட்ச்’. நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஏறுசுருளுக்குத் திசையும் உண்டு. வலப்பக்கம் திருகினால் இறுகுவது வலக்கை மரை. உலகில் உள்ள மரைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். இடக்கை மரையைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலான வீடுகளில் மின்விசிறியின் முன்கூட்டைக் கழற்றினால் போதும். இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியை வழக்கத்திற்கு மாறாக வலப்பக்கம் திருகினால்தான் கழலும். சைக்கிளின் இடப்பக்க மிதியும் அப்படியே. சுழலும் வேகத்தில் தானாகக் கழன்றுவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ‘வலம்புரிச் சங்கு’ நினைவுக்கு வரும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கை உயிரியலாளர்கள் இடப்புறம் சுழலும் சங்கு என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். அவர்கள் சங்கின் கூம்பு முனையை மேலே வைத்து வாய் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்க்கிறார்கள். நாம் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறோம். பெயர்தான் மாறுகிறது, சங்கு மாறவில்லை. மரையும் அப்படித்தான். ஒரு போல்ட்டைத் தலைகீழாகத் திருப்பினாலும் வலக்கை மரை வலக்கை மரையாகவே இருக்கும். மென்பொருளில் மாடலைத் திருப்பி வைத்துவிட்டு மரையின் திசையையும் மாற்ற வேண்டுமோ என்று குழம்புவோர் உண்டு. மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ‘மிரர்’ எனப்படும் கண்ணாடிப் பிம்பக் கட்டளையைக் கொடுத்துவிட்டால் கதை வேறு. அப்போது வலக்கை மரை இடக்கை மரையாகிவிடும்.

எண்களில் இருக்கிறது விஷயம்

ஏறுசுருள் என்பது வெறும் கோடு. அந்தக் கோட்டின் வழியே ஒரு குறுக்குவெட்டு வடிவத்தை இழுத்துச் சென்றால்தான் மரை உருவாகும். பல் எத்தனை பாகை கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம், நுனி கூராக இருக்கிறதா, தட்டையா, உருண்டையா என்பதையெல்லாம் அந்தக் குறுக்குவெட்டுதான் தீர்மானிக்கிறது. எனவே ஒரு மரையைச் சொல்ல வேண்டுமானால் வெளிவிட்டம், உள்விட்டம், பிட்ச், பல்லின் கோணம், திசை ஆகிய ஐந்தும் வேண்டும். ஒன்று தவறினாலும் எதிரே இருக்கும் பாகம் ஏற்காது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது தனிக்கதை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. ஒரு பட்டறையின் போல்ட் மற்றொன்றின் நட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைச் சேகரித்து, அளந்து, அவற்றின் சராசரியை எடுத்து 1841ல் ஒரு பொதுத் தரத்தை முன்மொழிந்தார். பல்லின் கோணம் 55 பாகை, நுனியும் அடியும் உருண்டை. 1864ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு தரத்தை முன்வைத்தார். 60 பாகை, தட்டை நுனி. உருட்டி எடுப்பதைவிடத் தட்டையாக வெட்டுவது பட்டறைக்காரர்களுக்கு எளிது என்பது அவர் வாதம். இரண்டு நாடுகளும் தங்கள் வழியில் போயின. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒருவர் செய்த பாகத்தை மற்றவர் பயன்படுத்த முடியாமல் திண்டாடிய பிறகுதான், 1948ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன.

அந்த ஒப்பந்தம் போல்ட்டுகளைத்தான் சேர்த்துவைத்தது, தண்ணீர்க் குழாய்களை அல்ல. அதனால்தான் நம் குளியலறையில் இன்றும் விட்வொர்த்தின் 55 பாகை உயிரோடு இருக்கிறது. பிளம்பர்கள் ‘பிஎஸ்பி’ என்று சொல்வது இந்தப் பிரிட்டிஷ் குழாய் மரையைத்தான். அதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ‘அரை இன்ச்’ குழாயின் மரையை அளந்தால் 20.955 மி.மீ. வரும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அல்லவா? அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து வைத்த பெயர் அது. குழாயின் சுவர்த் தடிமனும் சேர்ந்து வெளிவிட்டம் பெருத்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பெயரை நம்பி மென்பொருளில் 12.7 என்று போட்டால், கைக்கு வருவது விரல் மோதிரம்தான்.

ஆகவே, முதல் வேலை அளப்பது. வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் பிட்ச்சைக் கண்டுபிடிக்கப் பள்ளிப்பிள்ளைகளின் அடிக்கோல் போதும். ஒரு மேட்டின் உச்சியிலிருந்து எண்ணத் தொடங்கி நான்கு இடைவெளிகளைத் தாண்டி அளந்து, நான்கால் வகுங்கள். பிரிட்டிஷ் குழாயாக இருந்தால் நான்கு இடைவெளி சுமார் 7.3 மி.மீ. வரும், அமெரிக்கத் தோட்டக் குழாயாக இருந்தால் 8.8 மி.மீ. இந்த ஒன்றரை மில்லிமீட்டர் கண்ணுக்கே தெரியும். ஒரே ஓர் இடைவெளியை மட்டும் அளந்தால் தெரியாது.

திரையில் தெரிவது படம் மட்டுமே

இப்போது மென்பொருளுக்கு வருவோம். ஃபியூஷனில் ‘திரெட்’ என்ற கட்டளை இருக்கிறது. உருளையைத் தேர்ந்தெடுத்து அளவைச் சொன்னால் உடனே மரை வந்துவிடும். பலர் அதோடு திருப்தியடைந்து கோப்பை அச்சுக்கு அனுப்புகிறார்கள். அச்சாகி வருவது வழுவழுப்பான உருளை!

காரணம் எளியது. அந்த மரை வெறும் படம். உருளையின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் என்றே சொல்லலாம். ‘காஸ்மெட்டிக்’ மரை என்று அதற்குப் பெயர். இது மென்பொருளின் குறை அல்ல. ஒரு தொழிற்சாலை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான போல்ட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் பல்லையும் உண்மையான வடிவமாகக் கணக்கிட்டால் கணினி திணறிவிடும். தொழிற்சாலைக்கு அது தேவையுமில்லை. வரைபடத்தில் ‘எம்10’ என்று எழுதியிருந்தால் பட்டறையில் இருப்பவர் அதற்குரிய கருவியை எடுத்து மரை வெட்டிவிடுவார். எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் மனிதர் அங்கே இருக்கிறார். அச்சுக்கருவிக்குப் படிக்கத் தெரியாது. அதற்கு உண்மையான வடிவம் வேண்டும்.

ஃபியூஷனில் அந்தக் கட்டளைக்குள்ளேயே ‘மாடல்டு’ என்ற தேர்வுப் பெட்டி உள்ளது. அதைக் குறியிட்டால் பல் உண்மையாகவே வெட்டப்படும். ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளிலும் துளையிடும் கட்டளையில் இதே போன்ற தேர்வு இருக்கிறது. நமக்கு வேண்டிய மரை மென்பொருளின் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். பிரிட்டிஷ் குழாய் மரை சில மென்பொருள்களில் இருக்கிறது. இருந்தால் வேலை பாதி முடிந்தது.

அட்டவணையில் இல்லாத மரை என்றால்? இரண்டு வழிகள் உண்டு. ஃபியூஷனில் மரை அட்டவணைகள் எழுத்துக் கோப்புகளாகக் கணினியிலேயே இருக்கின்றன. ஒன்றைப் படியெடுத்து, பெயரையும் எண்களையும் மாற்றி அதே கோப்புறையில் வைத்தால், மென்பொருளை மறுபடி திறக்கும்போது உங்கள் மரையும் பட்டியலில் வந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது அந்தக் கோப்புறையும் மாறிவிடும். வேறோர் இடத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளாவிட்டால் மரை காணாமல் போய்விடும்.

இன்னொரு வழி, கையால் வரைவது. இதுதான் எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும். ஒருமுறை செய்து பார்த்தால் மரையின் உள்விவரமும் பிடிபட்டுவிடும்.

கையால் வரைந்து பார்ப்போம்

முக்கால் அங்குலக் குழாயில் மாட்டும் மூட்டையே எடுத்துக்கொள்வோம். குழாயின் மரை வெளிப்புறம் இருக்கிறது. எனவே நமக்கு உள்மரை தேவை. தரத்தின்படி பல்லின் ஆழம் 1.162 மி.மீ., உள்விட்டம் 24.117 மி.மீ.

முதலில் தடிமனான ஒரு வளையம் வரைந்து நடுவில் அந்த உள்விட்டத்திற்குத் துளை போடுங்கள். அடுத்து, துளையின் அச்சு எந்தத் தளத்தில் செல்கிறதோ அதே தளத்தில் ஸ்கெட்ச் திறந்து, வெட்டப்போகும் பள்ளத்தின் வடிவத்தை வரைய வேண்டும். விட்வொர்த்தின் உருண்டை நுனிகளை அப்படியே வரையத் தேவையில்லை. சரிவகம் போதும். துளையின் சுவரில் வாய் அகலம் 1.51 மி.மீ., ஆழம் 1.16 மி.மீ., அடியில் அகலம் 0.30 மி.மீ. இப்படி வரைந்தால் இரு பக்கச் சரிவுகளும் தாமாகவே 55 பாகைக் கோணத்தில் அமைந்துவிடும்.

ஃப்ரீகேட்டில் ‘சப்ட்ராக்டிவ் ஹீலிக்ஸ்’ என்ற கட்டளை இந்தச் சரிவகத்தை ஏறுசுருள் வழியே இழுத்துச்சென்று பள்ளம் வெட்டித்தரும். அச்சு எது, பிட்ச் எவ்வளவு, மொத்த உயரம் எவ்வளவு, இடக்கையா வலக்கையா என்று கேட்கும். பிட்ச் 1.814. சாலிட்வொர்க்ஸில் முதலில் வட்டம் வரைந்து, அதிலிருந்து ஏறுசுருள் கோடு உருவாக்கி, பிறகு ‘ஸ்வீப்’ கட்டளையால் வெட்ட வேண்டும். ஃபியூஷனின் ‘காயில்’ கட்டளை வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற ஆயத்த வடிவங்களையே ஏற்கும். ஸ்பிரிங் வரைய அது போதும்.

தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. பள்ளத்தின் வாய் பிட்ச்சைவிட அகலமாக இருந்தால் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றோடொன்று மோதும். மென்பொருள் பிழை காட்டிவிட்டு நின்றுவிடும். சரியாகப் பிட்ச் அளவே இருந்தாலும், இரண்டு சுற்றுகள் கத்திமுனை போன்ற ஒரே கோட்டில் சந்திப்பதால் பல நேரங்களில் அதே கதி. கூர்மையான முக்கோணம் வரைபவர்கள் பலருக்கும் இதுதான் நடக்கிறது. நம் சரிவகத்தில் 1.814க்கு 1.51தான் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

சரிவகத்தின் வாய்ப்பக்கத்தைத் துளையின் சுவரோடு மிகச் சரியாக ஒட்டி வைக்காமல், அதே சரிவில் 0.2 மி.மீ. அளவுக்குத் துளைக்குள் நீட்டி வையுங்கள். இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் எது உள்ளே, எது வெளியே என்று மென்பொருள் குழம்பும். ஏறுசுருளையும் வளையத்தின் விளிம்புக்கு வெளியே ஒரு சுற்று முன்னதாகவே தொடங்குங்கள். அப்போதுதான் மரையின் வாய் இயல்பாகத் திறந்திருக்கும். விளிம்பிலேயே தொடங்கினால் அங்கே ஒரு செங்குத்துச் சுவர் நின்று குழாயை உள்ளே விடாது.

இடைவெளி விட வேண்டும், ஆனால் எங்கே?

தரப்புத்தகத்தில் உள்ள எண்களை அப்படியே வரைந்தால் அச்சிட்ட மூட்டு ஏறாது. உருகிய பிளாஸ்டிக் சற்றுப் பரவும். துளைகள் சுருங்கி வரும். எனவே இடைவெளி விட வேண்டும். வீட்டு அச்சுக்கருவிகளுக்குப் பொதுவாக விட்டத்தில் 0.4 மி.மீ. அளவில் தொடங்கலாம்.

பலரும் செய்வது, எல்லா விட்டங்களையும் 0.4 மி.மீ. பெரிதாக்கிவிட்டு முடிந்தது என்று நினைப்பது. இதில் ஒரு நுணுக்கம் தப்பிவிடுகிறது. விட்டம் 0.4 கூடினால் ஒவ்வொரு பக்கமும் பல் 0.2 மி.மீ. விலகும். ஆனால் மரையில் உண்மையாக ஒன்றையொன்று அழுத்துவது நுனிகள் அல்ல, சரிவுகள். 55 பாகைச் சரிவில் 0.2 மி.மீ. விலகல், அச்சின் நீளவாக்கில் ஒரு சரிவுக்கு 0.1 மி.மீ. இடைவெளியைத்தான் தருகிறது. நுனியில் தாராளமாக இடம் இருக்கும். சரிவில் மட்டும் உரசும். ஆகவே விட்டத்தைப் பெரிதாக்குவதோடு பள்ளத்தின் அகலத்தையும் 0.1 மி.மீ. போலக் கூட்டுவது நல்லது. எந்த எண் சரியாக வரும் என்பது உங்கள் கருவியையும் இழையையும் பொறுத்தது.

மூட்டை அச்சுத்தட்டில் நிமிர்ந்த நிலையில்தான் அச்சிட வேண்டும். படுக்கவைத்தால் துளை நீள்வட்டமாகிவிடும். பற்களுக்கு இடையே தாங்குபொருள் ஒட்டிக்கொள்ளும். நிமிர்ந்த நிலையில் 0.2 மி.மீ. அடுக்குகளாக அச்சிட்டால் இந்த மரையின் ஒரு சுற்றுக்கு ஒன்பது அடுக்குகள் கிடைக்கும். அது போதுமானது. ஆனால் கைப்பேசியின் உள்ளே இருப்பது போன்ற சிறு திருகாணிகளுக்கு இது ஒத்துவராது. எம்3 திருகாணியின் பிட்ச் 0.5 மி.மீ.; ஒரு சுற்றுக்கு இரண்டரை அடுக்குதான். அதில் பல் தெரியாது, சொரசொரப்பு மட்டும்தான் தெரியும். அத்தகைய இடங்களில் சூடேற்றிப் பதிக்கும் பித்தளை மரைகளை வாங்கிப் பொருத்துவதே சரி.

வெயிலில் கிடக்கும் பொருளுக்குப் பிஎல்ஏ இழை வேண்டாம். அது 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். பிஇடிஜி தாங்கும்.

இன்னொன்று. இந்த மூட்டில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது மரை அல்ல. இந்த வகைக் குழாய் மரை கூம்பாமல் ஒரே விட்டத்தில் செல்வது. பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. கசிவைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். ஆகவே துளையின் அடியில் வாஷர் படிய ஒரு தட்டையான இருக்கை விட்டு, மரை முடியும் இடத்தில் சிறு பள்ளமும் விடுங்கள். இதை மறந்துவிட்டு மரையை எத்தனை துல்லியமாக வரைந்தாலும் தண்ணீர் ஒழுகும்.

இரு பக்கமும் நம்முடையது என்றால்

தண்ணீர்க் குழாய்க்கு விட்வொர்த் சொன்னபடி நடக்க வேண்டியிருக்கிறது. ஆனால் டப்பாவும் மூடியும் இரண்டையும் நாமே அச்சிடப்போகிறோம் என்றால் எந்தத் தரத்திற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. இங்கேதான் நாமே மரை வடிவமைப்பதன் பயன் முழுமையாகத் தெரிகிறது.

55, 60 பாகை என்பவை உலோகத்தை வெட்டுவதற்காக ஏற்பட்டவை. நிமிர்ந்து அச்சாகும் மரையில் பல்லின் கீழ்ச்சரிவு அந்தரத்தில் தொங்கும். 60 பாகைப் பல்லில் அந்தச் சரிவு கிடைமட்டத்திலிருந்து 30 பாகைதான் எழும்பியிருக்கும். அச்சுக்கருவிகளுக்கு வசதியானது 45 பாகை. எனவே பல்லின் மொத்தக் கோணத்தை 90 பாகையாக வைத்தால் கீழ்ச்சரிவும் சுத்தமாக வரும். பிட்ச்சை 3 அல்லது 4 மி.மீ. என்று தாராளமாக வைக்கலாம். நுனிகளை அகலமாகத் தட்டையாக்கலாம்.

ஜாம் போத்தலின் மூடி கால் சுற்றிலேயே மூடிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். அதில் ஒரே புரி நீளமாக ஓடுவதில்லை. பல புரிகள் வெவ்வேறு இடங்களில் தொடங்குகின்றன. இதையும் வரைவது எளிது. மூன்று தொடக்கங்கள் வேண்டுமென்றால், புரிகளுக்கு இடையே 3 மி.மீ. விட்டு, ஏறுசுருள் ஒரு சுற்றுக்கு 9 மி.மீ. ஏறும்படி வைத்து, அதை அச்சைச் சுற்றி 120 பாகை இடைவெளியில் மூன்று முறை படியெடுத்தால் போதும். மூடி சீக்கிரம் ஏறும். அதே வேகத்தில் கழலவும் செய்யும் என்பதால் பையில் தூக்கிச் செல்லும் டப்பாவுக்கு உகந்ததல்ல.

வாங்கிய பானப் போத்தலுக்கு மூடி செய்யப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குளிர்பானப் போத்தல்களில் பழைய கழுத்து ஒன்று, புதிய குட்டைக் கழுத்து ஒன்று என இரண்டு வகை உண்டு. இரண்டிலும் மரையின் வெளிவிட்டம் 27.4 மி.மீ.தான். பழையதின் பிட்ச் 3.18, புதியதின் பிட்ச் 2.7 மி.மீ. விட்டத்தை மட்டும் அளந்து ஏமாறும் அதே கதை இங்கும்.

எதை அச்சிடக்கூடாது?

பிரஷர் குக்கர் பாகம், எரிவாயுக் கலன் இணைப்பு, மின்விளக்கின் திருகு முனை ஆகியவற்றுக்கு அச்சிட்ட பிளாஸ்டிக் கூடவே கூடாது. மரை சரியாகப் பொருந்துவது ஒன்று, வெப்பத்தையும் அழுத்தத்தையும் மின்சாரத்தையும் தாங்குவது வேறொன்று. அடுக்கடுக்காக அச்சானது அடுக்குகளுக்கு இடையிலேதான் பிளக்கும்.

தண்ணீர் விஷயத்திலும் எல்லை உண்டு. சிங்கப்பூரில் குடிநீர் விநியோகத்தில் பொருத்தப்படும் பாகங்கள் பொதுப் பயனீட்டுக் கழகம் வகுத்துள்ள தரங்களுக்கு உட்பட்டிருக்க வேண்டும். எனவே அடைப்பு வால்வுக்கு முன்னும், சுவருக்குள்ளும், எந்நேரமும் அழுத்தம் இருக்கும் கழிவறைத் தொட்டி இணைப்பிலும், சலவை இயந்திரத்திற்குச் செல்லும் குழாயிலும் வீட்டில் அச்சிட்டதை மாட்டாதீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் அது நள்ளிரவில் வெடித்தால் நனைவது நம் வீடு மட்டுமல்ல, கீழ்வீட்டுக் கூரையும்தான். செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் என்றால், முடிந்ததும் குழாயை மூடிவிடும் பழக்கம் இருக்கும்வரை கவலையில்லை. ஹோஸின் முனையை மட்டும் அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்தபடி விட்டால் முழு அழுத்தமும் அந்த மூட்டின் மீதுதான் இறங்கும்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம். ஃபியூஷனுக்குச் சொந்தப் பயன்பாட்டுக்கான இலவச உரிமம் உண்டு. சொந்தமாகக் கருவி இல்லாதவர்கள் தேசிய நூலக வாரியத்தின் ‘மேக்இட்’ கூடங்களை விசாரித்துப் பார்க்கலாம்.

வரைந்து முடித்ததும் முழு மூட்டையும் அச்சிட அவசரப்பட வேண்டாம். மரை உள்ள பகுதியில் 6 மி.மீ. உயரத்திற்கு மட்டும் வெட்டி எடுத்து, ஒரு வளையமாக அச்சிடுங்கள். மூன்று சுற்று மரை அதில் இருக்கும். இடைவெளியை 0.3, 0.4, 0.5 என்று மாற்றி மூன்று வளையங்கள் செய்து, எது எது என்று பேனாவால் குறித்துக்கொண்டு குழாயில் ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். விரல் பலத்திலேயே கடைசிவரை ஏறி, ஆட்டினால் அதிகம் ஆடாத வளையம் எதுவோ, அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இழையையும் அச்சு அமைப்புகளையும் மாற்றாதவரை அடுத்த மரைக்கும் அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம்.